ரோடு சைக்கிளுக்கு இலகுவான கியர் பொருத்தியபின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ரோடு சைக்கிளில் 11-28 கேசட்டைக் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு; எண்கள் மிகச் சிறிய, மிகப் பெரிய பல்சக்கரங்களின் பற்கள்) கழற்றி 11-34 போடுவதும், 53/39 கிராங்க்கை (பெடலோடு சுற்றும் முன்பகுதி; எண்கள் அதன் இரண்டு செயின்ரிங்குகளின், அதாவது முன்பக்கப் பல்சக்கரங்களின், பற்கள்) எடுத்துவிட்டு 50/34 மாட்டுவதும், உரிய கருவிகள் கையில் இருந்தால் ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடும் வேலைகள். அதன்பிறகு தலைகாட்டும் கோளாறுகள்தான் நாள்கணக்கில் இழுக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை திருகைத் திருப்பித் தீராதவை. நாமோ முதலில் திருப்புளியைத்தான் எடுக்கிறோம். பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் பொறி) ஏற்கும் மிகப்பெரிய பல்சக்கரம் எது, அதன் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு, செயினின் நீளம் போதுமா ஆகிய மூன்று கேள்விகளில் ஒன்றுக்குத் தவறான விடை இருப்பதே பெரும்பாலும் கோளாறின் வேர். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எண்ணைச் சரிபார்த்து, பிறகே திருகுக்குப் போகும் வரிசையைக் கடைப்பிடித்திருக்கிறேன்.

கருவியை எடுக்குமுன்

மொத்தக் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. முன்பக்கப் பெரிய செயின்ரிங்கின் பற்களிலிருந்து சிறியதன் பற்களைக் கழித்துக்கொள்ளுங்கள், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்திலிருந்து சிறியதைக் கழித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். 50/34 உடன் 11-34 என்றால் 16-உம் 23-உம் சேர்ந்து 39 ஆகும். ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000 வரிசையில் எஸ்எஸ் எனப்படும் குட்டைக் கேஜ் (டீரெய்லரில் செயினை இறுக்கிப் பிடிக்கும் கீழ்ப்பகுதி) டீரெய்லருக்கு மிகப்பெரிய பல்சக்கரம் 30, கொள்ளளவு 35. ஜிஎஸ் எனப்படும் நீளக் கேஜுக்கு 34-உம் 39-உம். அதற்கு முந்தைய 6800 வரிசையில் இவை முறையே 28, 33 என்றும், 32, 37 என்றும் இருந்தன. உங்கள் டீரெய்லரின் மாதிரி எண் அதன் உட்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொண்ட பிறகே கேசட் வாங்க வேண்டும்.

தயாரிப்பாளர் சொல்லும் வரம்பில் சற்று இடம் விட்டுத்தான் சொல்கிறார்கள். 28 என்று எழுதியிருக்கும் டீரெய்லர் 30-ஐயும், சில சைக்கிள் சட்டங்களில் (ஃப்ரேம்களில்) 32-ஐயும் இழுத்துவிடுவதுண்டு. டீரெய்லர் தொங்கும் ஹேங்கரின் நீளம் சட்டத்துக்குச் சட்டம் மாறுவதால், ஒருவர் வண்டியில் ஓடியது இன்னொருவர் வண்டியில் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு பற்கள் வரை துணிந்து முயலலாம். அதற்குமேல் போனால் நீளக் கேஜுக்கு மாறுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

அறிகுறி: கியர் மாற்றியும் ஏற்றம் கனமாகவே இருக்கிறது

முதலில் செயின் உண்மையிலேயே கடைசிப் பல்சக்கரத்தில் ஏறுகிறதா என்று ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள். டீரெய்லர் உட்பக்கமாக எவ்வளவு நகரலாம் என்பதை வரையறுக்கும், எல் என்று குறிக்கப்பட்ட எல்லைத் திருகு சற்றே உள்ளே போயிருந்தாலும், கேபிள் தளர்ந்திருந்தாலும், கடைசிக்கு முந்தைய பல்லிலேயே (பல் என்று சுருக்கமாகச் சொல்வது பல்சக்கரத்தை) செயின் நின்றுவிடும். ஷிஃப்டர் (கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி) மட்டும் கடைசி நிலைக்கு வந்துவிட்டதாகக் காட்டும். ஓட்டும்போது குனிந்து பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். அடுத்து பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைத் திருப்பி மாட்டும்போது அது சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

இவை இரண்டும் சரி என்றால், மாற்றம் போதவில்லை என்று பொருள். அதைக் கணக்கில் பார்ப்பது நல்லது. 700×25 சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 39/25 கியரில் வேகம் மணிக்கு 11.8 கி.மீ., 34/28-இல் 9.2 கி.மீ., 34/34-இல் 7.6 கி.மீ. ஆகும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றும், ஏற்றம் 8 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், புவியீர்ப்பை எதிர்த்து ஏறுவதற்கு மட்டும் முதல் கியரில் 205 வாட், இரண்டாவதில் 160 வாட், மூன்றாவதில் 132 வாட் தேவைப்படுகிறது. டயரின் உராய்வும் காற்றும் இதற்கு மேல். 150 வாட்டைத் தொடர்ந்து தரக்கூடிய ஒருவர் 39/25 வைத்துக்கொண்டு இந்த ஏற்றத்தில் 60 சுற்றைக் காப்பாற்றவே முடியாது. அவருடைய கால்கள் 40 சுற்றுக்கு இறங்கி, முழங்காலில் சுமை ஏறும். எவ்வளவு இலகுவான கியர் வேண்டும் என்பதை இப்படித்தான் தீர்மானிக்க வேண்டும். மானத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவர்கள் இரண்டு முறை கேசட் வாங்குகிறார்கள்.

34/34-உம் போதாதவர்களுக்கு அடுத்த படி 46/30 போன்ற சிறிய கிராங்க். 30/34 என்றால் விகிதம் 0.88. அதைப் பின்னால், முன்பக்கக் கோளாறுகளோடு சேர்த்துப் பார்ப்போம்.

அறிகுறி: லாக்ரிங்கை (கேசட்டைப் பூட்டும் வளையத்தை) முழுக்க இறுக்கியும் கேசட் ஆடுகிறது

பல்சக்கரங்களைக் கையால் பிடித்து அசைத்தால் ‘கடக் கடக்’ என்று ஆடுகிறதா? ஸ்பேசர் வளையம் விடுபட்டிருக்கிறது. 11 வேக (பின்னால் 11 பல்சக்கரங்கள் உள்ள) ரோடு ஃப்ரீஹப், அதாவது சக்கரத்தில் கேசட் மாட்டப்படும் உருளை, 8, 9, 10 வேகங்களுக்கான ஃப்ரீஹப்பைவிட 1.85 மி.மீ. நீளமானது. ஆகவே 11 வேக ஹப்பில் 10 வேகக் கேசட்டைப் போட்டால் அதன் பின்னால் 1.85 மி.மீ. வளையம் வேண்டும், ஷிமானோவின் பல 10 வேக ரோடு கேசட்டுகளுக்கு அவற்றோடு வரும் 1 மி.மீ. வளையமும் தேவை.

இதில் பலரும் தடுமாறும் இடம் எச்ஜி800 போன்ற 11 வேக 11-34 கேசட். அது 11 வேகமானாலும் 10 வேக ஃப்ரீஹப்பின் நீளத்துக்கே செய்யப்பட்டது. 34 பல் சக்கரம் அகலமாக இருப்பதால், ஆரக்கம்பிகள் சரிந்து விலகிச் செல்லும் இடத்தில் அதன் விளிம்பு வருகிறது; அதனால் அதை ஹப்பின் உட்பக்கமாகக் குழித்து வைக்க முடிந்தது. 11 வேக ஹப்பில் இதைப் போடுபவர்கள் பெட்டியோடு வரும் 1.85 மி.மீ. வளையத்தை முதலில் நுழைக்க வேண்டும். பழைய கேசட்டுக்கு வளையம் எதுவும் இல்லாமல் இருந்ததால், இதற்கும் தேவையில்லை என்று பெட்டியிலேயே விட்டுவிடுவது வழக்கமான தவறு.

வளையம் சரியாக இருந்தும் ஆடினால் லாக்ரிங்கைப் பாருங்கள். 11 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கும் 12 பல்லில் தொடங்குவதற்கும் லாக்ரிங்கின் அளவு வேறு. இறுக்க வேண்டிய அளவு 40 நியூட்டன் மீட்டர், அதாவது நீளமான பிடியில் உடல் எடையைச் சற்றுச் சாய்த்து இறுக்கும் அளவு. விரல் பலத்தில் நிறுத்திவிடக் கூடாது. கேசட் அடியோடு நுழையவே மறுத்தால் ஃப்ரீஹப்பின் வகையே வேறு. கம்பாக்னோலோ, ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்டிஆர் (XDR), மைக்ரோ ஸ்ப்லைன் ஆகிய ஃப்ரீஹப்புகள் ஷிமானோவின் எச்ஜி வகைக் கேசட்டை ஏற்காது.

அறிகுறி: பெரிய பல்லில் போனதும் கரகரவென்று சத்தம்

வண்டியின் பின்னால் உட்கார்ந்து, செயின் முன்னால் சிறிய செயின்ரிங்கிலும் பின்னால் மிகப்பெரிய பல்சக்கரத்திலும் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். டீரெய்லரின் கேஜில் உள்ள இரண்டு சிறு ஜாக்கி சக்கரங்களில் மேல் சக்கரத்தின் பல்நுனிகள் பல்சக்கரத்தின் பல்நுனிகளை உரசிக்கொண்டிருக்கும். நடுவில் வெளிச்சமே தெரியாது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் 5 முதல் 6 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும், 5 மி.மீ. அல்லன் கீயை நுழைத்துப் பார்ப்பது எளிய அளவுகோல்.

இடைவெளியைக் கூட்டுவது ஹேங்கரின் அருகில் இருக்கும் பி திருகு. அதை உள்ளே திருகினால் டீரெய்லர் முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்து கீழிறங்கும். செயின் பெரிய பல்லில் இருக்கும்போது திருகினால் இழுவிசை கூடுதலாக இருந்து திருகின் முனை தேயும். ஒரு சிறிய பல்லுக்கு இறக்கிவிட்டு, அரைச் சுற்று திருகி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். திருகு முடிவுக்கு வந்துவிட்டும் உரசல் தீரவில்லை என்றால், பழைய வடிவ டீரெய்லர்களில் திருகைக் கழற்றி மறுபக்கத்திலிருந்து மாட்டலாம். அப்போது அதன் தலை ஹேங்கரில் முட்டிச் சில மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். சற்று நீளமான திருகைப் போடுவதும் இதே வகைத் தீர்வு.

அதற்கும் அடங்காவிட்டால் டீரெய்லர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டு வழிகள் உண்டு. ஜிஎஸ் கேஜ் டீரெய்லர் வாங்குவது ஒன்று. ஹேங்கருக்கும் டீரெய்லருக்கும் நடுவில் பொருத்தும் நீட்டிப்புத் துண்டு, ஹேங்கர் எக்ஸ்டென்டர், மற்றொன்று. இரண்டாவது விலை குறைந்த வழி. ஆனால் அது டீரெய்லரைக் கீழே தள்ளுகிறதே தவிர, அதன் கொள்ளளவைக் கூட்டுவதில்லை. மேலும் சிறிய பற்களில் ஜாக்கி சக்கரம் எட்டத்தில் போய்விடுவதால், 11, 13 பற்களுக்கு இறங்கும்போது மாற்றம் சோம்பலாகிவிடும். நான் எக்ஸ்டென்டரை இடைக்காலத் தீர்வாகவே பார்க்கிறேன்.

அறிகுறி: பெரிய செயின்ரிங், பெரிய பல் சேரும்போது பெடல் இறுகுகிறது

இந்த அறிகுறி தெரிந்த வண்டியை, சரிசெய்யும்வரை ஓட்ட வேண்டாம். செயின் குட்டையாக இருக்கிறது. ஓட்டும் வேகத்தில், கவனக்குறைவாக ஒரு முறை இந்தச் சேர்க்கைக்குள் போய்விட்டால் டீரெய்லர் முன்னால் இழுக்கப்பட்டு ஹேங்கரோடு பிய்ந்துவிடும். ஆரக்கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரமும் போகும், ஓட்டுபவரும் விழுவார்.

ஸ்டாண்டில் வைத்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி ஒவ்வொரு பல்லாக ஏற்றிக்கொண்டே போங்கள். இறுக்கம் தெரிந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். சரியான நீளம் இருக்கும் செயினில், இந்த நிலையிலும் கேஜ் முன்னோக்கிச் சாய்ந்திருந்தாலும், இரண்டு ஜாக்கி சக்கரங்களைச் சுற்றிச் செயின் வளைந்து போவது கண்ணுக்குத் தெரியும். குட்டைச் செயினில் அந்த வளைவு மறைந்து, பல்சக்கரத்திலிருந்து செயின்ரிங் வரை நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோடாக நிற்கும்.

நீளத்தை அளக்கும் முறை இது. செயினை டீரெய்லர் வழியாக விடாமல், முன்னால் பெரிய செயின்ரிங்கையும் பின்னால் மிகப்பெரிய பல்சக்கரத்தையும் நேராகச் சுற்றிப் பிடியுங்கள். இரு முனைகளும் சேரக்கூடிய மிகக் குறைந்த நீளத்தைப் பார்த்து, அதற்குமேல் இரண்டு கண்ணிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணி 12.7 மி.மீ.; உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால், பொதுவாக இரண்டிரண்டாகவே கூட்டவும் குறைக்கவும் முடியும். சிறிய செயின்ரிங்கையும் சிறிய பல்லையும் வைத்து நீளம் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. 28 பற்களும் அதற்கு மேலும் உள்ள கேசட்டுகளுக்கு அது ஆபத்தான கணக்கு.

28-லிருந்து 34-க்கு மாறும்போது ஆறு பற்கள் கூடுகின்றன. செயின் பல்சக்கரத்தில் ஏறத்தாழப் பாதிச் சுற்றையே தழுவுகிறது. எனவே கூடுதலாக மூன்று கண்ணிகள் தேவை, இரட்டைப்படையில் நான்கு. பழைய செயினில் கொஞ்சம் உபரி இருந்திருந்தால் மாற்றாமலேயே தப்பிக்கலாம். அதே வேளையில் முன்பக்கத்தையும் 53-லிருந்து 50-க்கு இறக்கியிருந்தால் ஒன்றரைக் கண்ணி திரும்பக் கிடைக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்றியவர்கள் பழைய செயினே போதும் என்று காண்பது வியப்பல்ல. அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம் என்பதுதான் விஷயம்.

பழைய செயினில் கண்ணி ஒட்டுவதைவிடப் புதுச் செயின் வாங்குவது நல்லது. ஏன் என்பது கீழே செயின் வழுக்கும் இடத்தில் வரும்.

அறிகுறி: சிறிய செயின்ரிங், சிறிய பல் சேரும்போது செயின் தொங்குகிறது

கேஜ் முழுக்கப் பின்னால் மடங்கி, செயினின் மேல், கீழ் இழைகள் கேஜின் அருகில் ஒன்றையொன்று உரசும். மொத்தக் கொள்ளளவு மீறப்பட்டிருக்கிறது. இது இறுக்கத்தைப் போல ஆபத்தானதன்று. தொங்கும் செயின் சட்டத்தில் அடித்துச் சத்தம் எழுப்பும், மேட்டுப்பள்ளத்தில் கழன்றும் விடலாம். அவ்வளவுதான். செயினைக் குட்டையாக்கி இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் மேலே சொன்ன இறுக்கத்தை விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், தொங்கலைத் தேர்ந்தெடுங்கள்.

34/11, 34/13 ஆகிய கியர்களுக்கு ஈடான விகிதம் 50-இலேயே கிடைக்கும். அவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பதால் இழப்பு எதுவுமில்லை. இந்தச் சேர்க்கைகளில் செயின் சாய்வாக ஓடிப் பெரிய செயின்ரிங்கின் உட்பக்கத்தை உரசுவதும் இயல்பே. அதைக் கோளாறாக எண்ணிச் சரிசெய்யப் புகுந்தால் வேறொன்று கெடும்.

அறிகுறி: செயின் பெரிய பல்லைத் தாண்டி ஆரக்கம்பிக்குள் விழுகிறது

எல் திருகு. கேசட்டையோ சக்கரத்தையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்க்க வேண்டும். குழித்து வைக்கப்பட்ட 34 பல் கேசட்டுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் கடைசிப் பல்சக்கரத்தின் இடம் முன்பு இருந்த இடமாக இருக்காது. பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது, மேல் ஜாக்கி சக்கரத்தின் நடுவும் கடைசிப் பல்சக்கரத்தின் நடுவும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைய வேண்டும். பிறகு டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். மேலும் நகர்ந்து கம்பிகளைத் தொட வந்தால் எல் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். கியரை மாற்றி மாற்றிச் சோதிப்பதைவிடக் கையால் தள்ளிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அறிகுறி: அழுத்தி மிதிக்கும்போது செயின் வழுக்குகிறது

எந்தப் பற்களில் வழுக்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். புதுக் கேசட்டில், நடுப்பற்களிலும் சிறிய பற்களிலும், எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் வழுக்கினால், பழைய செயின் நீண்டுவிட்டது. தேய்ந்த செயினின் கண்ணிகள் பழைய கேசட்டின் தேய்ந்த பற்களோடு ஒத்துப்போயிருந்தன. புதுப் பற்களில் அவை உட்காருவதில்லை. 11 வேகச் செயினை 0.5 சதவீத நீட்சியிலும், 10 வேகம் வரையுள்ளதை 0.75 சதவீதத்திலும் மாற்றுவது பொதுவான வழக்கம். செயின் அளவி இல்லாவிட்டால் இரும்பு அளவுகோலே போதும்: புதுச் செயினில் 24 கண்ணிகள் ஆணி நடுவிலிருந்து ஆணி நடுவுக்கு 304.8 மி.மீ. இருக்கும், அது 306.3 மி.மீ. ஆகியிருந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது.

எந்தப் பல்லில் இருந்தாலும், ஒரே தாளத்தில், இரண்டு மூன்று பெடல் சுற்றுக்கு ஒரு முறை துள்ளினால் கதை வேறு. ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் செயினை இணைத்த இடம்தான். 108 கண்ணிச் செயின் 34 பல் செயின்ரிங்கில் ஏறக்குறைய மூன்று சுற்றுக்கு ஒரு முறை திரும்பி வருவதால் அந்தத் தாளம். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால், கீழ் ஜாக்கி சக்கரத்தைத் தாண்டும்போது அந்தக் கண்ணி மட்டும் நிமிராமல் முழங்கையை மடக்கினாற்போல வருவதைக் காணலாம். அதைப் பக்கவாட்டில் இரு கட்டைவிரல்களாலும் வளைத்துவிட்டால் இளகிவிடும்.

அறிகுறி: சில கியர்களில் சரி, சிலவற்றில் சத்தம்

இலகு கியர் வேலையில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். காரணம், ஒரே சத்தத்துக்கு நான்கு வேறு மூலங்கள் உண்டு. சத்தம் எந்த வரிசையில் வருகிறது என்பதை வைத்தே அவற்றைப் பிரிக்க முடியும்.

எல்லாப் பற்களிலும் ஒரே அளவில், ஒரே பக்கமாகத் தவறினால் கேபிளின் இழுவிசை மட்டுமே காரணம். பேரல் அட்ஜஸ்டரை (கேபிளின் இழுவிசையை மாற்றும் சிறு குமிழ்) கால் சுற்று திருப்பினால் அனைத்தும் சேர்ந்து சரியாகும். பெரிய இரண்டு பற்களில் மட்டும் ஏறத் தயங்கினால் எல் திருகையும் பி திருகின் இடைவெளியையும் பாருங்கள். இடைவெளி மிகுந்துபோய்விட்டாலும் ஏற்றம் தயங்கும்; உரசலுக்குப் பயந்து பி திருகை அளவுக்குமேல் திருகியவர்களுக்கு இது வாடிக்கையாக வருவது.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. சிறிய பற்களைச் சரிசெய்தால் பெரியவை கெடுகின்றன, பெரியவற்றைச் சரிசெய்தால் சிறியவை கெடுகின்றன, தவறு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாக வளர்கிறது. இங்கே ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் நீளமும் டீரெய்லர் அதற்கு நகரும் தூரமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பெரிய பல் வேண்டும் என்று மலைச்சைக்கிள் டீரெய்லரை வாங்கிப் போட்டவர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. ஷிமானோவின் 9 வேக மலைச்சைக்கிள் டீரெய்லர், அதன் பெரும்பாலான 10 வேக ரோடு ஷிஃப்டர்களோடு பொருந்தும். 10 வேக மலைச்சைக்கிள் டீரெய்லர் பொருந்தாது. ஷிமானோவின் டியாக்ரா 4700 வரிசை இதற்கு விலக்கு: அது 10 வேகமானாலும் 11 வேக ரோடு வரிசையின் இழுவிகிதத்தை (கேபிள் இழுப்புக்கு டீரெய்லர் நகரும் அளவை) பின்பற்றுகிறது, எனவே முந்தைய 10 வேக டீரெய்லர் எதுவும் அதன் ஷிஃப்டரோடு ஒத்துழைக்காது, 11 வேக ரோடு ஜிஎஸ் டீரெய்லர் ஒத்துழைக்கும். ஸ்ராமில் 10 வேக ரோடும் 10 வேக மலைச்சைக்கிளும் ஒரே இழுவிகிதம். 11 வேகத்தில் அந்த ஒற்றுமை இல்லை. பொருந்தாத சேர்க்கையை எந்தத் திருகாலும் பொருத்த முடியாது.

நான்காவது மூலம் வளைந்த ஹேங்கர். அதுவும் மூன்றாவதைப் போலவே தோற்றம் காட்டும். பாகங்கள் அனைத்தும் பொருந்துகின்றன என்று உறுதியானபின்னும் தவறு வளர்ந்துகொண்டே போனால், பின்னாலிருந்து கேஜைப் பாருங்கள். இரு ஜாக்கி சக்கரங்களும் பல்சக்கரங்களுக்கு இணையாக நிற்காமல் கீழ்ச்சக்கரம் உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கரை அளவியில் வைத்து நிமிர்த்த வேண்டும். நீளக் கேஜும் பெரிய கேசட்டும் இந்தச் சாய்வை மிகைப்படுத்திக் காட்டும். 28-இல் தெரியாமல் ஓடிய சிறு வளைவு 34-இல் வெளிப்படுவது அதனால்தான். புதுக் கேசட்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

அறிகுறி: கிராங்க் மாற்றியபின் முன்பக்கம் ஏற மறுக்கிறது, அல்லது செயின் உள்ளே விழுகிறது

செயின்ரிங்கில் ஒரு பல் குறைந்தால் ஆரம் ஏறத்தாழ 2 மி.மீ. குறைகிறது. 53-லிருந்து 50-க்கு மாறினால் முன் டீரெய்லரை 6 மி.மீ. கீழே இறக்க வேண்டும். 50-லிருந்து 46-க்கு என்றால் 8 மி.மீ. பழைய உயரத்திலேயே விட்டால் கேஜுக்கும் பற்களுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும், செயின் ஏறத் தடுமாறும். கேஜின் வெளித்தகட்டுக்கும் பெரிய செயின்ரிங்கின் பல்நுனிக்கும் நடுவில் 1 முதல் 3 மி.மீ. இருப்பதே சரியான உயரம். பட்டை கொண்டு குழாயில் இறுக்கும் டீரெய்லரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். சட்டத்தோடு ஒட்டிய பிடியில் மாட்டும் வகையில், பிடியின் துளை நீளம் எவ்வளவோ அவ்வளவுதான். சில சட்டங்களில் 46 பல்லுக்கு அது எட்டாது. வாங்குமுன் அந்தத் துளையில் கீழே எவ்வளவு இடம் மீதியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் 46/30 கிராங்க்கில் செயின்ரிங்குகள் ரோடு கிராங்க்கைவிடச் சுமார் 2.5 மி.மீ. வெளியே அமைந்துள்ளன. ரோடு முன் டீரெய்லர் அந்தத் தூரத்துக்கு எட்டாமல், பெரிய செயின்ரிங்கில் இருக்கும்போது வெளித்தகட்டில் செயின் உரசலாம். ஜிஆர்எக்ஸ் முன் டீரெய்லரையும் சேர்த்து வாங்குவதே இதற்குத் தீர்வு. வெளிப்பக்க எல்லையை வரையறுக்கும் எச் திருகை முழுக்கத் தளர்த்திப் பார்ப்பதால் தீராது.

கிராங்க்கையே மாற்றாமல் சிறிய செயின்ரிங் மட்டும் போட நினைப்பவர்கள் துளைவட்டத்தின் (செயின்ரிங்கை மாட்டும் திருகுகள் அமைந்த வட்டத்தின்) விட்டத்தைப் பார்க்க வேண்டும். 130 மி.மீ. விட்டமுள்ள ஐந்து கைக் கிராங்க்கில் 38-க்குக் கீழே செயின்ரிங் பொருந்தாது. 110 மி.மீ. விட்டத்தில் 34 போடலாம். 2012-இல் டியூரா-ஏஸ் 9000 உடன் ஷிமானோ கொண்டுவந்த நான்கு கைக் கிராங்க்குகளில் எல்லா அளவுகளுக்கும் 110 மி.மீ. விட்டமே, எனவே அந்தத் தலைமுறையில் 53/39 வைத்திருப்பவர் செயின்ரிங்குகளை மட்டும் மாற்றி 50/34 ஆக்கிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். 52-ஐ வைத்துக்கொண்டு உள்ளே 34 போட்டால் வித்தியாசம் 18. முன் டீரெய்லரின் வழக்கமான கொள்ளளவு 16.

16 பல் வித்தியாசத்தில் இறங்கும்போது செயின் உள்பக்கம் விழுவது 53/39-லிருந்து வருபவர்களுக்குப் புதிய தொல்லை. பின்னால் பெரிய பல்லில் வைத்து, கேஜின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் நடுவில் அரை மி.மீ. மட்டும் இருக்கும்படி முன் டீரெய்லரின் எல் திருகை வையுங்கள். அதற்கும் விழுந்தால் செயின் தடுப்பான் ஒன்றைப் பொருத்திவிடலாம். ஏற்றத்தின் நடுவில், முழு அழுத்தத்தில் சிறிய செயின்ரிங்குக்கு இறக்கும் பழக்கத்தை விட்டு, ஏற்றம் தொடங்குமுன்பே இறக்கிவிடுவது இரண்டையும்விட நன்றாக வேலை செய்கிறது.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் சமதளத்தில் பொருத்தமான கியர் கிடைக்கவில்லை

இதில் பழுது ஏதுமில்லை. தேர்வின் விளைவு இது. 11 வேக 11-28 கேசட்டில் பற்கள் 11, 12, 13, 14, 15, 17 என்று நெருக்கமாகத் தொடங்குகின்றன. 11-34-இல் அவை 11, 13, 15, 17, 19, 21 என்று தாவுகின்றன. குழுவாக, ஒரே வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு 13-க்கும் 15-க்கும் நடுவில் ஒரு பல் இல்லாதது கால்களில் தெரியும். தனியாக மலைப்பாதையில் ஓட்டுபவர் அதைக் கவனிக்கவே மாட்டார். இரண்டுக்கும் நடுவில் 11-32 இருக்கிறது: 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32. சமதளத்தில் நெருக்கமும், ஏற்றத்தில் போதிய இலகுவும் அதில் கிடைப்பதால், 34 கட்டாயம் தேவைப்படாதவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். 6800 தலைமுறையின் ஜிஎஸ் டீரெய்லரும் 50/34 கிராங்க்கும் வைத்திருப்பவருக்கு அது வரம்புக்குள்ளேயே அடங்குகிறது: 16-உம் 21-உம் சேர்ந்து 37.

உச்ச வேகம் போய்விடுமோ என்ற அச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 90 சுற்றில் 50/11 மணிக்கு ஏறத்தாழ 52 கி.மீ. தருகிறது, 46/11 ஏறத்தாழ 47 கி.மீ. இறக்கத்தில் அதற்குமேல் மிதிப்பவர் மட்டும் 46-ஐப் பற்றி இருமுறை யோசிக்கலாம்.